சித்தப்பாவின் மன்னார்ப் பெடியன்

1986 வைகாசியில் நான் ரொறன்ரோவுக்கு வந்தபோது, பார்லிமென்ட் வீதிக்குப் பக்கத்து அடுக்குமாடி ஒன்றில் ஏழு பேர் இருந்தோம். அறை இரண்டு, ரீவி ஒன்று. அந்த ரீவியும் யாரோ தெருவோரத்தில் வைத்துவிட்டுப் போனதைச் சித்தப்பா தோளில் தூக்கி வந்ததுதான். அன்ரெனாவுக்குப் பதில் உடுப்புக் கொழுவும் கம்பி. கம்பியை எந்தப் பக்கம் திருப்பினாலும் தெளிவாக அகப்பட்டது பேஸ்போல் மட்டும்.

சித்தப்பா ஊரில் விக்கெட் காப்பாளராக இருந்தவர். வலது கைச் சின்னவிரல் பந்து பட்டு முறிந்து, கோணலாகவே பொருந்திப் போனது. அந்த விரலைத் தடவிக்கொண்டு அவர் முதல் நாள் ஆட்டத்தைப் பார்த்ததும், பத்தே நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிட்டது.

"எல்லாம் புல் ரோஸ். இதை அடிக்கேலாமல் மூண்டு தரம் விடுறாங்கள்."

கொஞ்சம் பொறுத்து இன்னொன்று: "உவன் போடேல்லை, எறியிறான். முழங்கை மடியுது பார். நோ போல்."

நாங்கள் எல்லோரும் அப்படித்தான் பேஸ்போல் படித்தோம். ஒவ்வொரு பந்தையும் மனதுக்குள் கிரிக்கெட்டாக மாற்றி, அது பிழைக்கும்போது பேஸ்போலைத் திட்டி.

அந்தக் கோடையில் சித்தப்பா பேஸ்போலை மன்னித்ததற்குக் காரணம் ஒரு மெலிந்த நெடிய பெடியன். ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி, முதுகில் இலக்கம் 1, பெயர் டொனி பெர்னாண்டஸ். நிறம் எங்கள் நிறம்.

"பெர்னாண்டஸ் எண்டால் மன்னார். இல்லாட்டித் தூத்துக்குடி. முகத்தைப் பார், அப்பிடியே பேசாலைப் பெடியன்."

அவன் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்தவன் என்று அறைக்குள் இருந்த, கொஞ்சம் ஆங்கிலம் படித்த ஒருவர் சொல்லிப் பார்த்தார். சித்தப்பா ஏற்கவில்லை. "அங்கை போய்க் குடியேறின மன்னார் ஆக்களாயிருக்கும்" என்றார். போர்த்துக்கேயர் எங்கள் கரையில் கொடுத்துவிட்டுப் போன பெயர்களுக்கு உறவுக்காரப் பெயர்களை ஸ்பானியர் கரீபியன் கரையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் சித்தப்பாவுக்கு அவன் கடைசிவரை மன்னார்ப் பெடியன்தான்.

அவன் நின்றது ஷோட்ஸ்டொப் என்ற இடத்தில். ஓட்டக்காரன் சுற்றி ஓடித் தொடவேண்டிய தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே. வலக்கை ஆட்டக்காரனுக்கு மிட்விக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பந்து நாலு மடங்கு அதிகமாய் அந்தப் பக்கம் வரும். அவனுக்கு வலது புறம், எட்டாத தூரத்தில், செயற்கைப் புல்லில் சறுக்கிக்கொண்டு ஒரு பந்து போகும். குறுக்காக ஓடி, கையுறையைப் புறங்கையாகத் திருப்பி எடுப்பான். எடுத்த இடத்தில் நிற்க நேரமில்லை. ஓட்டத்தின் வேகம் இன்னும் அவனை எதிர்ப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அப்போது ஒரு துள்ளல். இரண்டு காலும் தரையில் இல்லை. உடம்பு அந்தரத்தில் முதலாம் தளத்தை நோக்கித் திரும்ப, கை இடுப்பளவில் பக்கவாட்டாக வீசி வர, பந்து களத்தின் குறுக்கே போய்ச் சேரும். அவசரப்பட்டு எறிந்ததாகவே தெரியாது. நாரிப்பிடிப்புக்காரன் ஒருவன் கட்டிலில் இருந்து தலையணையைத் தள்ளிப் போட்டது போல இருக்கும். சித்தப்பா எழுந்து நின்றுவிடுவார்.

அந்த வருடம் பெர்னாண்டஸ் 213 தரம் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தான். ஒரே பருவத்தில் ஒரு ஷோட்ஸ்டொப் அத்தனை அடிப்பது அபூர்வம். களத்தடுப்புக்கான தங்கக் கையுறை விருது 1986 முதல் 1989 வரை நான்கு வருடமும் அவனிடமே போனது.

இடது வெளிக்களத்தில் நின்றவர் ஜோர்ஜ் பெல். அவரையும் நேரில் போய்ப் பார்த்தோம், ஏரிக்கரையோரம் இருந்த பழைய எக்சிபிஷன் ஸ்ரேடியத்தில். கடற்காகங்கள் உலவும், குளிர்காற்று முகத்தில் அறையும் மைதானம் அது. (1983 இல் டேவ் வின்ஃபீல்ட் என்ற வீரர் எறிந்த பந்து பட்டு அங்கே ஒரு கடற்காகம் செத்து, பொலிஸ் அவரைக் கூட்டிப்போன கதை ரொறன்ரோவில் பிரசித்தம்.) பெல் சிரிக்காத மனிதர். உடம்பை நோக்கிப் பந்து எறிந்த ஒருவனை 1985 இல் ஓடிப்போய் உதைத்தவர். 1987 இல் 47 ஹோம் ரன் (எங்கள் சிக்ஸர் மாதிரி, வேலிக்கு மேலால் போகும் அடி) அடித்து, 134 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்து, பேஸ்போலின் இரண்டு முதன்மை லீக்குகளில் ஒன்றான அமெரிக்க லீக்கின் அதிமதிப்பு வீரர் விருதை வாங்கினார். டொமினிக்கன் மண்ணில் பிறந்த ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல்முறை. அடுத்த வருடம் பயிற்சியாளர் 'நீ களத்தில் நிற்கத் தேவையில்லை, அடித்தால் போதும்' என்று சொன்னதில் இருவருக்கும் முறுகல். பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பெல் மூன்று ஹோம் ரன் அடித்தார். தொடக்க நாளில் அப்படி அடித்தவர் அதற்கு முன் ஒருவரும் இல்லை. கோபம் வந்தால் ஒழுங்காக வேலை செய்கிற ஆட்கள் சிலர் இருக்கிறார்களே, அந்த வகை.

பெர்னாண்டஸுக்கு முன்னால் அதே இடத்தில் ஷோட்ஸ்டொப்பாக நின்றவர் அல்பிரடோ கிரிபின். 1979 இல் அவ்வருடத்தின் சிறந்த புதுமுகங்கள் இருவரில் ஒருவர். பெர்னாண்டஸுக்கு இடம் விடுவதற்காகவே 1984 முடிவில் அவரை ஓக்லாண்டுக்குக் கைமாற்றினார்கள்.

பெல், கிரிபின், பெர்னாண்டஸ். மூன்று பேரும் ஒரே ஊர்: சான் பேத்ரோ டே மக்கோரீஸ். டொமினிக்கன் குடியரசின் தெற்குக் கரையில், இகுவாமோ ஆறு கடலில் விழும் இடத்தில், கரும்புக் காட்டுக்கு நடுவே இருக்கும் நகரம். சுமார் இரண்டு இலட்சம் சனம். அமெரிக்காவின் முதன்மை லீக்குகளில் ஆடிய அந்த ஊர்க்காரரின் எண்ணிக்கை இன்று நூறைத் தாண்டும்.

இதற்கு ரீவி வர்ணனையாளர்கள் எப்போதும் ஒரே விளக்கம்தான் சொல்வார்கள். ஏழைப் பிள்ளைகள், பால் பெட்டியை மடித்துக் கையுறை, கரும்புத் தடியில் பற், பசி தந்த வெறி. பால் பெட்டிக் கையுறை உண்மை.  ஆனால் எனக்கு அந்த விளக்கத்தைக் கேட்டாலே எரிச்சல் வரும். பசி எந்த ஊரில் இல்லை? பசி பேஸ்போல் படிப்பிக்குமென்றால் உலகத்தில் பாதி ஷோட்ஸ்டொப்பாக நிற்க வேண்டும்.

எனக்கு விடை கிடைத்தது ஓர் உணவகத்தின் பின் ஒழுங்கையில்.

1987 கோடையில் நான் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். குசினியில் ஒரு டொமினிக்கன் சமையல்காரர். அவர் 'கொசினா' என்றார், நான் 'குசினி' என்றேன். முதல் நட்பு அதில்தான் தொடங்கியது. அவர் சான் பேத்ரோக்காரர் அல்ல, வடக்கே சன்தியாகோ. ஆகவே சான் பேத்ரோவின் எஸ்ட்ரேயாஸ் அணியை, அதாவது 'நட்சத்திரங்களை', அவருக்குப் பிடிக்காது. பச்சை உடுப்பு, யானைச் சின்னம், 1968 க்குப் பிறகு ஒரு கிண்ணம்கூட இல்லை என்று நக்கல் செய்வார்.

நான் கேட்டேன், "ஸ்பானிஷ் பேசுகிற ஊரில் பெல், கிரிபின் என்றெல்லாம் எப்படிப் பெயர் வந்தது?"

"கொக்கோலோ" என்றார். சொல்லும்போது வாய் கொஞ்சம் கோணியது. இங்கிலீசுத் தீவுகளிலிருந்து கரும்பு வெட்ட வந்த கறுப்பு ஆட்களின் பிள்ளைகள்.

பிறகு, அது எப்படிப்பட்ட ஊர் என்று காட்டுகிறேன் வா என்று சொல்லி, மதிய அவசரம் அடங்கியதும் பின் ஒழுங்கைக்குக் கூட்டிப்போனார். இரண்டு தக்காளித் தகரங்களை இருபதடி இடைவெளியில் வைத்தார். தும்புத்தடி ஒன்றை என்னிடம் தந்தார், இன்னொன்றை மற்ற வேலைக்காரப் பெடியனிடம். தகரம் ஒவ்வொன்றின் முன்னாலும் ஒருவன் தடியோடு நிற்க வேண்டும். எதிர்ப் பக்கத்திலிருந்து எறிகிறவன் தகரத்தை விழுத்தினால் ஆள் அவுட். பந்தை அடித்துவிட்டால் இருவரும் இடம் மாறி ஓடவேண்டும். மாறின ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு புள்ளி. தங்கள் ஊரில் தகரத்துக்குப் பதில் பழைய வாகன இலக்கத்தகடு வைப்பார்களாம். அதனால் பெயர் 'பிளாக்கித்தா', சின்னத் தகடு. நாடு முழுக்கப் பிள்ளைகள் தெருவில் விளையாடுவது, தாத்தா காலத்திலிருந்தே எங்களுடையது என்றார்.

நான் தடியோடு நின்றுகொண்டு சிரித்தேன். எங்கள் ஒழுங்கையில் மண்ணெண்ணெய்த் தகரம், தென்னம் மட்டை. இங்கே தக்காளித் தகரம், தும்புத்தடி. இரண்டு முனை, இரண்டு ஆள், இடம் மாறி ஓட்டம். இது கிரிக்கெட் ஐயா, வேறென்ன என்றேன். அவர் நம்பவில்லை. சித்தப்பா மன்னாரை விட்டுக்கொடுக்காதது போலத்தான் அவரும் பிளாக்கித்தாவை.

அதன்பின் கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பொது நூலகத்தில், பிறகு இணையத்தில். பல வருடம் துண்டு துண்டாகச் சேர்ந்த கதை இது.

கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராக 1868 இல் தொடங்கிய பத்து வருடப் போரிலிருந்து தப்பி ஓடிய செல்வந்தர் சிலர் பக்கத்துத் தீவுக்கு வந்தார்கள். அவர்கள் கையில் இரண்டு பொருள் இருந்தன: சீனி ஆலை நடத்தும் அறிவு, பேஸ்போல். சான் பேத்ரோவைச் சுற்றி 1870களின் கடைசியிலிருந்து ஆலைகள் எழும்பின. அங்கெலினா, பொர்வெனிர், கொன்சுவேலோ, சாந்தா பே, கிறிஸ்தோபல் கொலோன், கிஸ்கேயா. ஆலை என்றால் ஆலை மட்டுமல்ல. தண்டவாளம், கடை, தொழிலாளர் வரிசை வீடுகள், எல்லாம் சேர்ந்த தனிக் குடியேற்றம். டொமினிக்கன் குடியானவர்கள் அந்தக் கூலிக்கு வெட்ட மறுத்ததால், சென் கிற்ஸ், நேவிஸ், அன்ரிகுவா, அங்குவில்லா, மொன்செரற், ரொர்ட்டோலா போன்ற தீவுகளிலிருந்து பாய்க்கப்பலில் ஆட்களை ஏற்றி வந்தார்கள். முதலில் பருவத்துக்கு வந்து பருவத்தோடு திரும்பினார்கள். பிறகு தங்கிவிட்டார்கள்.

அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியம். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர்கள் பலர். தேவாலயம் கட்டினார்கள், ஆங்கிலப் பள்ளி வைத்தார்கள், செத்தவீட்டுக்கும் நோய்க்கும் காசு கட்டும் சங்கங்கள் தொடங்கினார்கள். அத்தோடு கிரிக்கெட். ஆலைக்கு ஆலை கழகம், வெள்ளை உடுப்பு, ஞாயிறு ஆட்டம். ஒரு கழகம் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள்: தலைவர், செயலாளர், சந்தா, யார் பந்து வாங்குவது, யார் புல் வெட்டுவது, நேரத்துக்கு வராதவனுக்குத் தண்டம். எங்கள் ஊரில் சனசமூக நிலையத்தோடு ஒரு விளையாட்டுக் கழகம் ஒட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. அது விளையாட்டைவிட மெதுவாகச் சாகும்.

கிரிக்கெட் சீக்கிரமே செத்தது. 1916 முதல் 1924 வரை அமெரிக்க இராணுவம் நாட்டைப் பிடித்து வைத்திருந்தது. ஆலைகள் பலவும் அமெரிக்கக் கம்பெனிகளின் கையில். கொக்கோலோக்களின் பிள்ளைகள் ஸ்பானிஷ் பேசி வளர்ந்தார்கள். சக டொமினிக்கன் பிள்ளைகள் ஆடியது பேஸ்போல். தகப்பனின் ஆட்டத்தை விட்டுப் பிள்ளை பக்கத்து வீட்டானின் ஆட்டத்துக்குப் போனான். கழகம் மட்டும் அப்படியே இருந்தது. உள்ளே இருந்த ஆட்டத்தை மாற்றிப் போட்டார்கள். தாழப் பிடித்து எறியும் கை, பந்து குத்தி எழும்புவதைக் கணிக்கும் கண் ஆகியவற்றை ஒரு தலைமுறை மற்றத் தலைமுறைக்குக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன். இதை எண்ணிக்கையால் நிறுவ முடியாது. ஆனால் மற்ற நிலைகளைவிட ஷோட்ஸ்டொப்புக்குத்தான் இந்த ஊர் பேர்போனது என்பதை நினைக்கும்போது எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை.

இன்னொன்று, நேரம். கரும்பு வெட்டு ஏறத்தாழ வருடத்தின் முதல் பாதியோடு முடிந்துவிடும். பிறகு 'தியெம்போ முவெர்த்தோ', செத்த காலம். வேலை இல்லை, கூலி இல்லை, கடையில் கடன். செத்த காலத்தில் ஆலைகளுக்கிடையே பேஸ்போல் நடந்தது. முகாமையாளர்களுக்கும் அது பிடித்திருந்தது. பந்தாடுகிறவன் சங்கம் கட்ட மாட்டான் என்ற கணக்காயிருக்கும்.

1936 இல் சான் பேத்ரோ அணி நாட்டின் கிண்ணத்தை வென்றது. வந்தது வினை. நாட்டை ஆண்ட சர்வாதிகாரி துருஹியோ தலைநகருக்கே தன் பெயரைச் சூட்டியவர். தன் பெயருள்ள நகரம் தோற்பதை அவருடைய ஆட்கள் விடுவார்களா? அடுத்த வருடம் தலைநகரின் இரண்டு பகை அணிகளையும் ஒன்றாக்கினார்கள். பல் வைத்தியர் ஒருவர் 30,000 டொலர் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய், நிறவெறியால் வெள்ளையரின் லீக்கில் ஆட விடப்படாத அமெரிக்கக் கறுப்பு வீரர்களில் தலைசிறந்தவர்களை வாங்கினார்: சட்செல் பெய்ஜ், ஜொஷ் கிப்சன், கூல் பாப்பா பெல். கிண்ணம் தலைநகருக்குப் போனது. ஆனால் அந்த ஒரு பருவம் எல்லாருடைய பணப்பெட்டியையும் காலியாக்கியதால், 1951 வரை நாட்டில் தொழில்முறை லீக்கே நடக்கவில்லை. அந்தப் பதினாலு வருடம் பேஸ்போல் உயிர் வாழ்ந்தது ஆலை முற்றங்களிலும் இராணுவ முகாம்களிலும்தான். சர்வாதிகாரி தெரியாமல் சான் பேத்ரோவுக்குச் செய்த உபகாரம் அது.

அமெரிக்காவில் நிறத்தடை 1947 இல் உடைந்தது. சான் பேத்ரோவிலிருந்து முதன்மை லீக்குக்குப் போன முதல் ஆள் 1962 சித்திரையில் மில்வோக்கி அணிக்கு ஆடிய அமாடோ சாமுவேல். (சாமுவேல் என்ற பெயரைச் சித்தப்பாவிடம் நான் சொல்லவேயில்லை. அவரையும் யாழ்ப்பாணத்துக் குருமாரின் பேரன் ஆக்கிவிடுவார்.) அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. அடுத்த வருடம் வந்த ரீக்கோ கார்ட்டிதான் ஊரின் முதல் பெரிய பெயர்.

கார்ட்டி கொன்சுவேலோ ஆலைக் குடியிருப்புப் பிள்ளை. குத்துச்சண்டைக்காரனாகத் தொடங்கியவர். 1959 இல் சிகாகோவில் நடந்த பான் அமெரிக்க விளையாட்டுகளுக்கு நாட்டு அணியோடு போனார். அங்கே கழகத் தரகர்கள் ஒவ்வொருவராக வந்து காகிதத்தை நீட்ட, ஆங்கிலம் சரியாக விளங்காமல், இல்லை என்று சொல்லவும் மனமில்லாமல், நீட்டியதிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டார். எத்தனையோ அணிகளுக்குச் சொந்தமான ஒரே பெடியன்! சிக்கலை அவிழ்த்து மில்வோக்கிக்குக் கொடுத்தார்கள். 1968 முழுவதும் காசநோயால் மருத்துவமனையில். திரும்பி வந்து 1970 இல் அவருடைய அடி சராசரி .366, தேசிய லீக்கில் அவ்வருடம் முதலிடம். ஆயிரம் தரம் நின்றால் 366 தரம் அடித்திருப்பார் என்று கணக்கு. முந்நூறு அடிப்பவனையே பேஸ்போலில் கைகூப்புவார்கள். அவ்வருடம் நட்சத்திர ஆட்டத்துக்கு, அதாவது இரண்டு லீக்கின் சிறந்த வீரர்களும் மோதும் ஆட்டத்துக்கு, இரசிகர் வாக்களித்தபோது வாக்குச் சீட்டில் அவருடைய பெயரே அச்சாகவில்லை. சனங்கள் பேனாவால் எழுதி அனுப்பித் தேர்ந்தெடுத்தார்கள். அந்தக் குளிர்காலம் ஊருக்குப் போய் ஆடியபோது மோதி முழங்கால் நொறுங்கியது. அடுத்த பருவமும் போயிற்று. நோயும் காயமும் தின்றது போக மிஞ்சியதே அவ்வளவு என்றால், முழுசாய் இருந்திருந்தால்? 2024 இல் காலமானார். வயது 85.

அவருக்குப் பின்னால் வரிசை. குறையே இல்லாத உத்தமர் என்று ஒருவரும் இல்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. ஹொவாக்கின் அந்துஹார் பந்து வீச்சாளர். தன்னைத் தானே 'முரட்டு டொமினிக்கன்' என்று அழைத்தவர். 1982 உலகத் தொடரில், அதாவது இரண்டு லீக்கின் முதல்வர்களும் மோதும் இறுதித் தொடரில், ஏழாவது ஆட்டத்தை வென்று செயின்ற் லூயிசுக்குக் கிண்ணம் கொடுத்தார். 1985 உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நடுவரோடு சண்டை பிடித்து வெளியேற்றப்பட்டார். பேத்ரோ கெரெரோ 1981 உலகத் தொடரின் சிறந்த வீரர் மூவரில் ஒருவர். ஹூலியோ பிராங்கோ ஐம்பதை எட்டிப் பார்த்தும் ஓயாதவர்: 2007 இல், 48 வயதில், ஹோம் ரன் அடித்தார். அதைவிட வயதில் யாரும் அடித்ததில்லை.

1987 க்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் அது எங்கள் அறையில் செத்தவீடு நடந்த வருடம். புரட்டாதி 24, டெட்ரோயிற் அணியோடு ஆட்டம். இரண்டாம் தளத்தில் பெர்னாண்டஸ் பந்தை வாங்கித் திரும்பி எறிய, ஓடி வந்தவன் சறுக்கி அவன் காலை வாரினான். பெடியன் அந்தரத்தில் புரண்டு, செயற்கைப் புல்லின் ஓரத்துக் கட்டையில் முழங்கையை ஊன்றி விழுந்தான். முறிவு. சித்தப்பா தன் கோணல் விரலைப் பிடித்துக்கொண்டு ரீவியை நிறுத்தச் சொன்னார். அன்றைய ஆட்டத்தை வென்றார்கள். பிறகு கடைசி ஏழு ஆட்டத்தையும் வரிசையாகத் தோற்று, இரண்டே ஆட்டத்தால் டெட்ரோயிற்றுக்குப் பின்னால் போனார்கள்.

1990 முடிவில் பெர்னாண்டஸைச் சன் டியேகோவுக்குக் கொடுத்தார்கள். பெல்லும் சிகாகோவுக்குப் போனார். அங்கே ஒரு வேடிக்கை: 1992 இல் சிகாகோவின் ஒரு அணி மற்ற அணிக்குப் பெல்லைக் கொடுத்து, மாற்றாக ஒல்லியான இளைஞன் ஒருவனை வாங்கியது. பெயர் சமி சோசா. சான் பேத்ரோ பூங்காவில் சப்பாத்துத் துடைத்து வளர்ந்த பெடியன். ஊர்க்காரனுக்கு ஊர்க்காரன் சமன். பெல் 1993 க்குப் பிறகு ஆடவில்லை. சோசா 1998 இல் 66 ஹோம் ரன் அடித்து அமெரிக்காவையே பித்துப் பிடிக்க வைத்தான். பிறகு 2003 இல் விதிக்கு மாறாகத் தக்கை அடைத்த பற்றோடு பிடிபட்டதும், ஊக்கமருந்துப் பேச்சும். அந்தக் காலத்தை நான் அதிகம் கிளற விரும்பவில்லை. அப்போது மருந்து குடித்தது ஓர் ஊர் அல்ல.

ஆனால் 1993 ஐ விட முடியாது. அவ்வருட நடுவில் பெர்னாண்டஸ் ரொறன்ரோவுக்கே திரும்பி வந்தார். உலகத் தொடரில் ஒன்பது ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்தார். ஷோட்ஸ்டொப் ஒருவர் ஓர் உலகத் தொடரில் செய்ததில் அதுவே மிக அதிகம். கிரிபினும் வயது போய், மாற்று ஆளாக அணியில் இருந்தார். ஐப்பசி 23 இரவு ஆறாவது ஆட்டம், ஒன்பதாம் இன்னிங்ஸ். ரொறன்ரோவுக்குக் கிண்ணத்தை வென்று கொடுத்த, ஜோ கார்ட்டர் அடித்த ஹோம் ரன்னை இந்நாட்டில் பார்க்காதவர் இல்லை. நாங்களும் கத்தினோம், கீழ்வீட்டுக்காரர் முகட்டில் தட்டுமட்டும் கத்தினோம். பல வருடம் கழித்து அந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: அடுத்து ஆட வேண்டியவராகப் பற்றோடு காத்து நின்றவர் அல்பிரடோ கிரிபின். பந்து வேலிக்கு மேலால் போனதும் அவருக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அதற்குப் பிறகு அவர் முதன்மை லீக்கில் ஆடவேயில்லை. பதினெட்டுப் பருவத்தின் கடைசிக் காட்சி, ஆடாமல் காத்து நின்றது.

2019 மாசியில் மனைவியோடு டொமினிக்கன் கடற்கரையான புந்தா கானாவுக்குப் போனேன், எல்லாம் அடங்கிய கட்டணத்தில். கடலும் சாப்பாடும் மூன்றாம் நாளே அலுத்துவிட்டன. வாகனம் பிடித்துச் சான் பேத்ரோ போனோம். போன நேரம் நல்ல நேரம். முந்தின மாதம்தான் எஸ்ட்ரேயாஸ் அணி, 51 வருடத்துக்குப் பிறகு, குளிர்கால லீக்கை வென்றிருந்தது. அணியை நடத்தியவர் பெர்னாண்டோ தத்தீஸ். 1999 இல் ஒரே இன்னிங்ஸில் இரண்டு தரம் நாலு ஓட்ட ஹோம் ரன் அடித்த, அதை வேறெவரும் செய்யாத மனிதர். அதே பெயருள்ள மகனும் அணியில். எங்கே பார்த்தாலும் பச்சைக் கொடி, பச்சை யானை. அந்தச் சன்தியாகோச் சமையல்காரரை நினைத்துக்கொண்டேன்.

தெத்தேலோ வார்காஸ் மைதானத்துக்குப் பக்கத்து வீடுகளில்தான் பெர்னாண்டஸ் வளர்ந்தார். வாசல் பூட்டியிருந்தது. கடற்கரைத் தெருவில் 'யனிகேக்கே' என்ற பொரித்த ரொட்டி வாங்கித் தின்றோம். ஜொனிகேக் என்ற ஆங்கிலச் சொல் கொக்கோலோ வாயிலிருந்து ஸ்பானிஷ் வாய்க்குப் போனால் இப்படி ஆகும். உப்பும் எண்ணெயும், வேறொன்றும் இல்லை. மனைவிக்குப் பிடித்தது.

பிறகு கொன்சுவேலோ. புகைபோக்கியில் புகை இல்லை. மர வீடுகளின் திண்ணையில் வயதான ஒருவர் இருந்தார். நான் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னதும், தீவுக்காரர் இழுவையோடு ஆங்கிலத்திலேயே பதில் வந்தது. தகப்பன் நேவிஸ் என்றார். தகப்பன் கிரிக்கெட் ஆடினாரா என்று கேட்டேன். ஆடினார், மெத்தப் பேசுவார் என்றார். நீங்கள்? "நான் பேஸ்போல்." என் ஊர் எது என்று கேட்டார். இலங்கை என்றதும், "அரவிந்த டி சில்வா" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை. தகப்பனின் ஆட்டத்தை அந்த மனிதர் வானொலியில் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார் போல.

தெருவில் பெடியன்கள் தண்ணீர்ப் போத்தலின் மூடியைச் சுழற்றி எறிய, ஒருவன் தும்புத்தடியால் அடித்தான். மூடி காற்றில் பாம்பு போல நெளிந்து வந்தது. என்னிடமும் தடியைத் தந்தார்கள். மூன்று தரமும் விட்டேன்.

2020 மாசியில் பெர்னாண்டஸ் இறந்தார். சிறுநீரக நோய். வயது 57. ஓய்வுக்குப் பின் போதகராயிருந்தவர். புளூ ஜேய்ஸ் அணிக்காக அவர் அடித்த 1,583 அடியை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. செய்தி வந்த இரவே சித்தப்பா ஸ்காபரோவிலிருந்து அழைத்தார். அவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம், கத்திக் கதைப்பார்.

"எங்கட மன்னார்ப் பெடியன் போயிட்டானாம்."

"ஓம் சித்தப்பா, பார்த்தனான்."

"அவன்ரை எறி ஒண்டிருக்கெல்லே, துள்ளிப்போட்டு எறியிறது. உது போனிலை பாக்கலாமோ?"

ஒரு காணொளியைத் தேடி அனுப்பினேன். கால் மணித்தியாலம் கழித்துத் திரும்ப அழைத்தார். பின்னால் பேத்தியின் குரலும், பழைய மைதானமொன்றின் இரைச்சலும் கேட்டன.

"தம்பி, முடிஞ்சு போச்சு. உதைத் திருப்பிப் போடுறது எப்பிடி?"